போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள்?

பருவத் தேர்வில் கடைசித் தாள் இயற்பியல். மணி அடித்ததும் விடைத்தாள்களை எண்ணிக் கட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தேன். 42 தாள்கள். வாசலில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பதினோராம் வகுப்பு, என் வகுப்புதான். உள்ளேயும் வரவில்லை, கிளம்பவும் இல்லை.

"என்னப்பா?"

"மிஸ், ஃபிசிக்ஸ் சரியா பண்ணல. அம்பதைத் தாண்டினாலே பெரிசு. அப்போ எனக்கு எஞ்சினியரிங் எல்லாம் வராதுன்னு எடுத்துக்கலாமா?"

தேர்வு முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு தாளை வைத்து நாற்பது வருஷத்துக்கு முடிவு சொல்லக் கேட்கிறான். "கட்டையே இன்னும் பிரிக்கல. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு, அடுத்த வாரம் பேசலாம்" என்று அனுப்பி வைத்தேன். அவன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. பதினேழு வருஷமாகப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு பருவமும் முடியும்போது யாராவது ஒருவர் அதே வாசலில் வந்து நின்று இதையேதான் கேட்கிறார்கள். பாடம் மாறும், எண் மாறும், முகத்தில் இருக்கும் பயம் மட்டும் மாறாது.

அன்று ராத்திரி திருத்த உட்கார்ந்தபோது அவன் தாள் பதினெட்டாவதாக வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு மூன்று மதிப்பெண் கணக்கு. 46 ஓம் மின்தடை உள்ள இஸ்திரிப் பெட்டியை 230 வோல்ட்டில் இணைத்தால் மின்னோட்டம் எவ்வளவு, திறன் எவ்வளவு? 230ஐ 46ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். திறன் 1,150 வாட். இவன் சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு, எண்களைப் போடும்போது தலைகீழாக வகுத்திருந்தான். 0.2 ஆம்பியர். அதை 230ஆல் பெருக்கி 46 வாட். அடியில் இரண்டு கோடு போட்டு முடித்தும் விட்டான்.

ஆனால் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. "46 வாட்? பல்பு மாதிரி இருக்கே. எங்கயோ தப்பு."

அதற்குக் கீழே காலி. நேரம் முடிந்திருக்கும்.

சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். ஓரத்துக் குறிப்புக்கு விடைத் திட்டத்தில் இடம் இல்லை, அதனால் போடவில்லை. மொத்தம் 53. அந்தக் கணக்கில் இன்னும் ஒன்பது பேர் அதே தலைகீழ் வகுத்தலைச் செய்திருந்தார்கள். அதில் ஒரு மாணவிக்கு மொத்தம் 81. அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் 46 வாட் உறுத்தவில்லை.

ஒரு எண்ணைப் பார்த்தவுடன் இது நடக்கிற காரியமா என்று மனசு கேட்பது பெரிய விஷயம். சொல்லிக் கொடுக்க நான் வருஷக்கணக்கில் முயல்கிற விஷயமும் அதுதான். 53 என்ற எண்ணுக்குள் அது எங்கேயும் தெரியாது. இதனால் மதிப்பெண் பொய் என்று நான் சொல்லவில்லை. குறிப்பிட்ட மூன்று மணி நேரத்தில், குறிப்பிட்ட பாடப்பகுதியில், எவ்வளவு எழுத முடிந்தது என்பதை அது ஓரளவு நியாயமாகவே சொல்கிறது. அதைப் போய் "நான் எந்த வேலைக்குப் பொருத்தம்?" என்று கேட்டால், பாவம், அது என்ன பதில் சொல்லும்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் "எனக்கு இந்தப் பாடம் வராது" என்று பிள்ளைகள் முடிவு கட்டுகிறார்கள். பல நேரம் தோற்றது அவர்கள் படித்த விதம். அடுத்த வாரம் அந்தப் பையனிடம் எப்படிப் படித்தாய் என்று கேட்டேன். "ஒவ்வொரு பாடத்தையும் நாலு தடவை வாசிச்சேன் மிஸ்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான். புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு.

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று சுற்றிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. தேர்வுக்கு முந்தைய ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், ஹாலில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் வராமல் போவதும் இதனால்தான். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது அந்த வரி பழகிப்போகிறது. பழகியதை நாம் தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே அவனிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். விடுமுறையில் இரண்டே பாடம் எடுத்துக்கொள். ஒரு தடவை படி, புத்தகத்தை மூடு, வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எழுது. விட்டுப்போனதை மட்டும் திறந்து பார். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுது. அதன் பிறகும் இயற்பியல் பிடிக்கவில்லை என்றால் அந்த முடிவை நானே மதிக்கிறேன். படிப்பு முறையை மாற்றிப் பார்க்காமல் ஒரு துறையையே கைவிடுவதுதான் எனக்குத் தாங்காது.

சரி, வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்வு முடிந்த பிறகு விடுமுறை தொடங்கும் வரை பள்ளியில் ஒரு வாரம் கிடைக்கும். டைம்டேபிள் காலியாக இருக்கும் அந்த வாரத்தில் "கேரியர் கைடன்ஸ்" வகுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் எனக்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. வினாத்தாள் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தேன். ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டை ஒட்டியது அது. கையால் செய்வது, ஆராய்வது, கலையாக ஆக்குவது, மற்றவர்களுக்குத் துணை நிற்பது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்திப் பராமரிப்பது என்று விருப்பங்களை ஆறாகப் பிரித்தார் அவர். ஒருவருக்கு எந்த மூன்று தூக்கலாக இருக்கிறதோ அதை மூன்று எழுத்தாகக் குறிப்பார்கள். நல்ல கருவிதான், உலகத்தில் பல இடங்களில் இன்றும் பயன்படுகிறது. பிள்ளைகள் அதை வாங்கிக்கொண்ட விதம்தான் சரியில்லை. மூன்று எழுத்து கிடைத்ததும் அதோடு தேடல் முடிந்துவிட்டது. "மிஸ், நான் ஆராயுற டைப்பாம்" என்பார்கள். ஆராய்கிறவர் காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டால் தெரியாது.

இந்தத் துறையின் முன்னோடி என்று ஃபிராங்க் பார்சன்ஸைச் சொல்வார்கள். 1908இல் பாஸ்டனில் வேலை வழிகாட்டுவதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கினார். அதே வருஷம் இறந்தும் போனார். அவர் எழுதி வைத்த புத்தகம் மறு வருஷம் வெளியானது. அதில் அவர் சொன்னது மூன்று. உன்னைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், இரண்டையும் பொருத்தி யோசி. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நாம் முதலாவதிலேயே நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. பதினாறு வயசுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று எத்தனை முறைதான் கேட்பது? அவர்கள் பார்த்த வேலைகள் எத்தனை? ஆசிரியர், டாக்டர், வீட்டில் இருப்பவர்கள் செய்யும் வேலை, திரையில் பார்த்த வேலை. பார்த்திராததை எப்படிப் பிடிக்கும்?

நம் பேச்சிலேயே இது தெரிகிறது. "மேல என்ன படிக்கப் போற?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வி மூன்று நான்கு வருஷப் படிப்போடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் நாள்களைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

எனக்கு வழி காட்டியவள் ஒரு மாணவி. ஒரு வருஷம் வழக்கறிஞர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டிருந்தோம். ஒரு மணி நேரம் நன்றாகவே பேசினார். உழைப்பு, விடாமுயற்சி, நீதி. கைதட்டினார்கள். முடிந்து வராந்தாவில் நடந்து வரும்போது இவள் பக்கத்தில் ஓடி வந்து, "சார், போன செவ்வாய்க்கிழமை நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள். ஏன் செவ்வாய் என்று அவளுக்கே தெரியாது. அவர் நின்று யோசித்தார். "60 பக்கக் குத்தகை ஒப்பந்தம் ஒண்ணை மூணு தடவை படிச்சேன்மா. ஒரு இடத்துல 'மற்றும்'னு இருக்கணும், 'அல்லது'னு இருந்தது. அதுக்காக ரெண்டு பேருக்கு ஃபோன் பண்ணினேன். மத்தியானம் முழுக்கக் கோர்ட்ல காத்திருந்தேன், எங்க கேஸ் வரல."

ஒரு மணி நேரப் பேச்சில் வராத வெளிச்சம் அந்த ஒரு நிமிஷத்தில் அவள் முகத்தில் வந்தது. "ஒரே ஒரு வார்த்தைக்காகவா சார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அதே பதில் பக்கத்தில் நின்ற இன்னொருத்தியைக் கலங்க வைத்தது. நாள் முழுக்கக் காத்திருப்பதும் படிப்பதுமா என்றாள். அவள் நினைத்திருந்தது வாதாடுவது. இரண்டு பேருக்குமே அன்று ஒரு உண்மையான தகவல் கிடைத்தது.

அடுத்த பருவத்திலிருந்து அதுவே வீட்டுப்பாடம். நன்கு தெரியாத ஒரு வேலையில் இருக்கும் ஒருவரை, பெரியவர் துணையோடு, நேரிலோ ஃபோனிலோ பிடிக்க வேண்டும். "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிக்கவே கூடாது. அப்படிக் கேட்டால் மேடைப்பேச்சுதான் வரும். போன செவ்வாய்க்கிழமையைக் காலையிலிருந்து மணிக்கணக்காகக் கேட்க வேண்டும். வாரத்தின் தொடக்கமும் முடிவும் எங்கேயும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், நடுநாள்தான் வேலையின் அசல் முகம். கை என்ன செய்துகொண்டிருந்தது? யாரிடம் பேசினீர்கள்? எந்த வேலை சலிப்பாக இருந்தது? எதில் நேரம் போனதே தெரியவில்லை? இதெல்லாம் போதும். சம்பளத்தைக் கடைசியில் கேட்கலாம், அவர் சொல்ல விரும்பினால்.

பிள்ளைகள் கொண்டு வருவதைப் படிக்கும்போது எனக்கே புதிதாக இருக்கிறது. மென்பொருள் எழுதும் ஒருவர் காலை முழுக்க வேறொருவர் எழுதியதை வாசித்துவிட்டு, சாயங்காலம் பதினோரு வரி எழுதினாராம். செவிலியர் ஒருவர் ஊசி போட்டதைவிடக் குறிப்பேட்டில் எழுதியதுதான் அதிகம். நில அளவையாளர் பாதி நாள் வெயிலில், பாதி நாள் பழைய வரைபடத்தோடு. கிட்டத்தட்ட எல்லோருமே எதையாவது எழுதுகிறார்கள். மொழிப்பாடத்தை இழுத்துப் பறித்துப் பாஸ் ஆனால் போதும் என்று நினைக்கும் அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்லத் தேவையே இல்லாமல் போனது. அவர்களே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பேட்டிக்கு முன்னால் இன்னொன்றும் செய்கிறோம். பலகையில் நாற்பது வேலைகளை எழுதுவேன். தங்களுக்கு ஒத்துவராததை எல்லாம் இரண்டு நிமிஷத்தில் நோட்டில் அடித்துவிடச் சொல்வேன். மடமடவென்று அடிப்பார்கள், சிலருக்கு ஆறேழுதான் மிஞ்சும். அப்புறம்தான் வேலை ஆரம்பிக்கும். அடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஏன் என்று மூன்று வார்த்தையில் எழுத வேண்டும். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். "பொண்ணுங்க செய்ய மாட்டாங்க." "மரியாதை இருக்காது." "அது என்னன்னே தெரியாது." கடைசிக் காரணம்தான் ஒவ்வொரு நோட்டிலும் அதிகம்.

லிண்டா காட்ஃபிரட்சன் என்ற ஆய்வாளர் 1981இல் இதைத்தான் எழுதினார். குழந்தைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு முன்பே வேலைகளைக் கழிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று ஒரு கழித்தல். ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் அந்தஸ்தைப் பார்த்து இன்னொரு கழித்தல். தனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கத் தொடங்குவது பதினாலு வயசுக்கு மேல். அதாவது, நாம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஏற்கெனவே அடிபட்டுப் போயிருக்கும். அடித்தது எட்டு வயசுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் முடிவைப் பதினாறு வயதில் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டாமா?

போன வருஷம் ஒரு பையன் செவிலியர் பணியை அடித்திருந்தான். மைதானத்தில் யார் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும் முதலுதவிப் பெட்டியோடு முதலில் ஓடுபவன் அவன். காயத்தைக் கழுவிவிட்டு, கட்டுப் போட்டுவிட்டு, மறுநாள் தேடிப் போய்க் கட்டைப் பிரித்தும் பார்ப்பான். அவன் எழுதியிருந்த காரணம் "பசங்களுக்கு இல்ல." நான் ஒன்றும் சொல்லவில்லை, செவிலியராக இருக்கும் ஒரு ஆணிடம் செவ்வாய்க்கிழமைக் கேள்வியைக் கேட்டு வரச் சொன்னேன். நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அவன் அந்த வேலைக்குப் போவானா என்று எனக்குத் தெரியாது, போக வேண்டும் என்றும் இல்லை. நோட்டில் அந்தக் கோட்டை ரப்பரால் அழிக்கப் பார்த்திருந்தான். பேனாவால் அடித்தது, முழுசாக அழியவில்லை.

பெற்றோரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ரேங்க் கார்டு வீட்டுக்கு வரும் அன்று எதிர்காலத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு வாரம் போகட்டும்.

இந்தப் பருவத்துக் கதையை முடிக்கவில்லையே. 53 வாங்கிய அந்தப் பையன் பேட்டிக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்திருந்தான். அவருடைய செவ்வாய்க்கிழமையில் மூன்று மணி நேரம் ஒரே ஒரு கதவில் போயிருக்கிறது. கதவு சில நேரம் மூடும், சில நேரம் மூடாது. மீட்டர் வைத்து ஒயரை அளந்தால் தொடர்ச்சி சரியாகவே காட்டியிருக்கிறது. அவர் நம்பவில்லை. கதவை மெதுவாக நகர்த்திக்கொண்டே அளந்திருக்கிறார். ஒரு இடத்தில் வளையும்போது மட்டும் ஒயர் உள்ளுக்குள் விட்டுப் போகிறது, நிறுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. பையன் நோட்டில் அந்தக் கதவை வரைந்து, ஒயர் வளையும் இடத்தில் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான்.

"மிஸ், மீட்டர் சரின்னு காட்டும்போதும் தப்புன்னு அவருக்கு எப்படித் தோணுச்சு?"

அவனுடைய விடைத்தாளை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் பென்சில் எழுத்தைக் காட்டினேன். "உனக்கு எப்படித் தோணுச்சு?"

கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். அங்கே ஒன்றை எழுதியதே அவனுக்கு மறந்திருந்தது. "இஸ்திரிப் பெட்டி தொட முடியாத அளவுக்குச் சூடாகும் மிஸ். 46 வாட்ல எப்படி அவ்வளவு ஆகும்?" என்றான். பிறகு பேனாவை எடுத்து, என் முன்னாலேயே 230ஐ 46ஆல் வகுத்தான்.

எஞ்சினியரிங் வருமா வராதா என்று அன்று அவன் கேட்கவில்லை. விடுமுறையில் லேப் திறந்திருக்குமா, மல்டிமீட்டரை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன். அலமாரியில் இருந்த இரண்டு மீட்டரில் ஒன்றுக்கு உயிரே இல்லை, இன்று சாயங்காலம் புது பேட்டரி போட்டு வைத்தேன்.